பழகு கண்ணாடி

என் மனைவியின் வலது கண்ணை எனக்கு முப்பத்தேழு எண்களாகத் தெரியும். எல்லாம் பூஜ்யத்தை ஒட்டிய எண்கள். அவற்றில் பெரியதே மூன்றுதான். ஏழு வருடங்களுக்கு முன் சாருவைப் பரிசோதித்த மருத்துவர் சான்றிதழின் ஓரத்தில், கேட்காமலே, 'அபூர்வமான கண்' என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை. இன்னொருவர் அதை இவ்வளவு அருகில் பார்த்திருக்கிறாரே என்றுதான் தோன்றியது. நான் அப்படிப்பட்டவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

படங்களை யாரும் நம்பாத காலம் வந்து பதினாறு வருடங்கள் ஆகின்றன. வானிலிருந்து ஒரு பாறை விழப்போவதாகத் தொலைநோக்கிப் படம் ஒன்று பரவியது. கடற்கரை ஊர்கள் ஒரே நாளில் காலியாயின. நெரிசலில் முந்நூறு பேர் செத்த பிறகுதான் அந்தப் படம் யாரோ அறைக்குள் உட்கார்ந்து செய்தது என்று தெரிந்தது. அதன்பின் வந்த சட்டம் எளிமையானது. வானில் புதிதாக எது தென்பட்டாலும் உயிருள்ள ஒரு மனிதக் கண் அதை நேரில் பார்த்திருக்க வேண்டும். இடையில் தொலைநோக்கியின் கண்ணாடிகள் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது, மூக்குக்கண்ணாடிகூடக் கூடாது. அதற்காக வான்சாட்சி வாரியம் என்று ஒன்றை அமைத்தார்கள். மலைமேல் நாற்பத்திரண்டு நிலையங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாட்சிக் கண்.

பழைய வகைத் தொலைநோக்கிகள் அப்படித் திரும்பி வந்தன. நீண்ட குழாய். அடியில் குழிந்த பெரிய கண்ணாடி. வாய்ப்பக்கம் சாய்வாக ஒரு சின்னக் கண்ணாடி. பக்கவாட்டில் கண் வைக்கும் துளை. ஒரே ஒரு புதுமை, அந்தப் பெரிய கண்ணாடி. அதைப் பழகு கண்ணாடி என்போம். அதன் முதுகில் முப்பத்தேழு ஊசிகள் உண்டு. பார்ப்பவரின் கண்ணில் இருக்கும் சிறு கோணல்களை உணர்ந்து, அந்தக் கண்ணுக்கு நட்சத்திரம் ஒரு புள்ளியாகத் தெரியும்வரை ஊசிகள் கண்ணாடியை அழுத்தியும் தளர்த்தியும் வளைக்கும். இது ஒரு நாளில் நடப்பதல்ல. நான்கைந்து மாதங்கள் தினமும் அதே கண் வந்து உட்கார வேண்டும். பிறகு அந்தக் கண்ணாடி அந்தக் கண்ணுடையதாகிவிடும். மற்றவர்களுக்கு அதில் எல்லாம் கொஞ்சம் கலங்கித்தான் தெரியும்.

போடிக்கு மேலே கழுகுக்கரடு நிலையத்தின் சாட்சிக் கண் சாருலதா. நான் அங்கே கண்ணாடிகளை நேராக நிறுத்தி வைப்பவன். பதவிக்கு நீளமான பெயர் உண்டு. எல்லோரும் திருகுக்காரர் என்பார்கள். மாதக் கடைசியில் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அதில் இரண்டே வாக்கியங்கள்: கண்ணாடி நேராக உள்ளது. கண் மாறவில்லை. இரவில் வேறொரு கண் அந்த இருக்கையில் உட்கார்ந்ததாகத் தெரிந்தால், அந்தக் காலத்துச் சாட்சியங்கள் எல்லாம் செல்லாது. நிலையத்தை மூடிவிடுவார்கள்.

சாரு இரவெல்லாம் தொலைநோக்கி நிற்கும் கூண்டில் இருப்பாள். விடிந்ததும் வந்து, ஜன்னலில் கறுப்புத் துணியை இழுத்துவிட்டுப் படுப்பாள். நான் பகலில் வேலை செய்வேன். மாலை ஐந்தரைக்கு அவள் பல் துலக்கும்போது நான் களைத்து உட்கார்ந்திருப்பேன். ஒருவர் மற்றவரைப் பார்ப்பது அந்த இரண்டு மணி நேரம்தான். அதிலும் பாதி மௌனம். அந்த மௌனம் எனக்குப் பிடித்தே இருந்தது, அந்தக் கோடை வரைக்கும்.

ஜூலை முதல் வாரத்தில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யும் வழக்கமான சோதனையில் உட்கார்ந்தேன். பகலில் நட்சத்திரம் கிடையாது. எதிர்ப்பாறையில் ஒரு இரும்புக் குண்டை வைத்திருப்போம். அதில் வெயில் பட்டு மின்னும் பொட்டுதான் எங்கள் பகல் நட்சத்திரம். என் கண்ணுக்கு அது எப்போதும் கொஞ்சம் கலங்கித் தெரியும். அந்தக் கலங்கல் எனக்கு அத்துப்படி. அன்று தெரிந்தது வேறு. பொட்டு ஒரு பக்கமாக நீண்டிருந்தது.

கண்ணாடி சாய்ந்துவிட்டது என்று நினைத்தேன். வாய்ப்பக்கத்துச் சின்னக் கண்ணாடியில் தொடங்கினேன். துளை வழியே பார்த்தால் வட்டத்துக்குள் வட்டமாக எல்லாம் ஒரே மையத்தில் விழ வேண்டும். விழுந்தது. பெரிய கண்ணாடியின் நடுவில் ஒட்டியிருக்கும் மைய வளையம், அதன் பிம்பம், என் கண்ணின் கறுப்பு, மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று. அடியில் இருக்கும் மூன்று திருகுகளையும் கால் சுற்றுக்கூடத் திருப்பத் தேவைப்படவில்லை. கண்ணாடியைப் பிடித்திருக்கும் பிடிகள் இறுகிப்போனாலும் பொட்டு கோணும். அவற்றை ஒரு தாள் நுழையும் அளவுக்குத் தளர்த்தினேன். கோணல் அப்படியே இருந்தது.

பிறகு குவியத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பார்த்தேன். பொட்டு கோடாக நீண்டு ஒரு பக்கம் சாய்ந்தது. வெளியே இழுத்தேன். அதே கோடு குறுக்கே திரும்பிக்கொண்டது. கண்ணாடி சாய்ந்திருந்தால் பொட்டுக்கு வால் முளைத்து ஒரே பக்கம்தான் நிற்கும். இப்படிக் குறுக்கே திரும்பினால் அது சாய்வல்ல, வளைவு. கண்ணாடியே உருவம் மாறியிருந்தது.

குழாயின் அடியில் படுத்து, டயல் கேஜ் என்ற நுண்ணளவுக் கருவியை வைத்து ஒவ்வொரு ஊசியின் உயரத்தையும் அளந்தேன். கட்டத்தாளில் குறித்தேன். நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, இருபத்தொன்பது. முப்பது டிகிரிச் சாய்வில் கண்ணாடியின் குறுக்கே ஒரு மேடு ஓடியது.

அது சாருவின் கண் அல்ல.

அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். யாரோ ஒருவர் என் மனைவியின் இருக்கையில் உட்கார்ந்து, அவள் கன்னம் படும் ரப்பர் வளையத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்திருக்கிறார். ஓரிரு தடவை அல்ல. கண்ணாடி பழகும் அளவுக்கு.

மறுநாள் ஜீப் ஓட்டும் மொக்கராசு காய்கறிப் பையோடு வந்து நின்றான்.

"அண்ணே, மத்தியானம் ஜெரோம் சார் வர்றாரு. ரெண்டு நாள் தங்கல்."

"மறுபடியுமா? போன வாரம்தான வந்தாரு?"

"எனக்கென்ன தெரியும்? இந்த மலையில அவருக்கு ஏதோ காத்து ஒத்துக்கிருச்சு." சிரித்தான். "அக்காகிட்ட சொல்லவா?"

"தூங்குறா. எழுப்பாத."

"தூங்குதா? விடியக்காலம் பால் கொண்டாந்தப்பவே, சார் ஜீப்பு எத்தன மணிக்குன்னு கேட்டுச்சே. உங்ககிட்ட சொல்லலையா?"

நான் அவனையே பார்த்தேன். அவன் கத்தரிக்காயை எண்ணி வைப்பதுபோல் குனிந்துகொண்டான்.

ஜெரோம் மண்டல ஆய்வாளர். முன்பெல்லாம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். அந்தக் கோடையில் மாதத்துக்கு மூன்று முறை வந்தார். வந்தால் இரவு கூண்டில்தான் இருப்பார். ஆய்வு என்பார். தடித்த மூக்குக்கண்ணாடி, தணிந்த குரல், யாரையும் புண்படுத்தாத சிரிப்பு. என்னால் வெறுக்க முடியாத மனிதர். அதுவும் ஒரு தொந்தரவாக இருந்தது.

மதியம் சாப்பாட்டுக்குச் சாருவும் எழுந்து வந்துவிட்டாள். எனக்காக அவள் அந்த நேரத்தில் எழுந்ததே இல்லை.

"என்ன தனபால், கண்ணாடி எப்படி இருக்கு?" என்றார் ஜெரோம்.

"நேரா இருக்கு சார்."

"நீங்க திருகுனா கோணுமா? என் கல்யாணத்தையும் உங்ககிட்டயே விட்டிருக்கணும். அந்தம்மா ஓடிப்போயிருக்காது."

சாரு சிரித்தாள். "அவர்கிட்ட விட்டிருந்தா தாலி ரெண்டு பக்கமும் ஒரே எடையான்னு பாத்துக்கிட்டே முகூர்த்தத்த விட்டிருப்பாரு சார்."

எல்லோரும் சிரித்தோம். நான் அவள் சிரிப்பின் நீளத்தை அளந்துகொண்டிருந்தேன்.

"இந்த மாசம் ஊசி அளந்தீங்களா?" ஜெரோம் சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்.

"இல்ல."

"நல்லது. பதினெட்டாம் தேதி வரைக்கும் கண்ணாடியத் தொட வேணாம். வாரியத்துலேர்ந்து ஆள் வருவாங்க. இப்ப இருக்கிறபடியே இருக்கட்டும்."

சாரு அவரைப் பார்த்தாள். ஒரு நொடிதான். அவர்களுக்குள் ஏதோ ஒன்று என் தலைக்கு மேலாகப் போய் வந்தது.

அவர் கை கழுவப் போனார். முகமும் கழுவுவார் போலிருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். சாரு தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் அந்தக் கண்ணாடியை எடுத்தேன். கண்ணுக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, அதன் வழியே ஜன்னல் கம்பியைப் பார்த்து, மெதுவாகச் சுழற்றினேன். இப்படிச் செய்தால் வில்லையின் கோணலுக்கு ஏற்பக் கம்பி கத்தரிபோலப் பிளந்து ஆடும். ஆட்டம் எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அதுதான் அணிபவரின் கண்ணில் இருக்கும் சாய்வு.

முப்பது டிகிரி.

கண்ணாடியை இருந்த இடத்தில் அதே மடிப்போடு வைத்தேன். அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. தொலைநோக்கியில் பார்க்கும்போது அவர் இதைக் கழற்றியிருக்க வேண்டும். அந்த இருட்டில், அவள் பக்கத்தில் நிற்க, கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். மாதத்தில் ஆறேழு இரவுகள் ஒரு கண்ணாடியைப் பழக்கப் போதுமா என்ற கேள்வியை நான் கேட்கவே இல்லை. வேறு யாராவது கேட்டிருந்தால் போதாது என்று நானே சொல்லியிருப்பேன்.

புகார் எழுதியிருக்கலாம். எழுதினால் நிலையம் போகும், அவள் பதவி போகும், அவளும் போவாள். எனக்கு அவள் போக வேண்டாம். கண்ணாடிக்குள் வந்திருப்பவர் மட்டும் போனால் போதும்.

அதற்கு ஒரு வழி இருந்தது. மறக்கடிப்பது என்போம். ஊசிகளை முழுக்கத் தளர்த்திவிட்டு, அடியில் ஆறு மணி நேரம் சூடு கொடுத்தால் கண்ணாடி பிறந்தபோது இருந்த உருவத்துக்குத் திரும்பிவிடும். யாருடைய கண்ணும் அதில் இருக்காது. சாருவுக்கு அதனால் நஷ்டம் இல்லை என்று கணக்குப் போட்டேன். அவள் கண்ணில் கோணலே கிடையாதே. புதுக் கண்ணாடியும் அவளும் ஏறக்குறைய ஒன்றுதான். அவருக்குத்தான் அதன்பின் ஒன்றும் தெரியாது.

ஜெரோம் மூன்றாம் நாள் விடியலில் கிளம்பினார். "பதினெட்டு," என்று ஜீப்பிலிருந்து விரலைக் காட்டினார். சாரு படுக்கப் போனதும் நான் கூண்டுக்குப் போனேன். எட்டு மணிக்கு ஊசிகளைத் தளர்த்தினேன். ஒவ்வொன்றும் விடுபடும்போது நகம் சுண்டுவதுபோல ஒரு சத்தம். முப்பத்தேழு சத்தங்களையும் கேட்டேன். இரண்டு மணிக்குச் சூட்டை நிறுத்திவிட்டு, கண்ணாடி ஆறும்வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகப் பசித்தது.

மறக்கடித்ததைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஊசி இடம் நகர்ந்ததால் செய்தேன் என்று எழுதினால் போதும். பழைய அளவுகளையும் உடன் ஒட்ட வேண்டும். வாரியத்தின் படிவம் கண்ணாடியை முன்பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல இருக்கும். பையிலிருந்து கட்டத்தாளை எடுத்துப் படிவத்தின் பக்கத்தில் வைத்தேன். பேனாவைத் திறந்தேன்.

திறந்தபடியே இருந்தேன்.

நான் குழாயின் அடியில் படுத்து அளந்தவன். கண்ணாடியின் முதுகைப் பார்த்து வரைந்தவன். முதுகிலிருந்து பார்த்தால் இடம் வலமாகும். பன்னிரண்டு வருடங்களாக நான் செய்யும் முதல் வேலையே தாளைப் புரட்டுவதுதான். புதிதாக வரும் திருகுக்காரர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் வாக்கியமும் அதுதான். தாளைப் புரட்டி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கோடு மறுபக்கம் சாய்ந்து நின்றது. நூற்றைம்பது டிகிரி.

ஜெரோமின் கண் முப்பது.

அது அவர் இல்லை. நான் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யார் என்று யோசித்தேன் என்று சொன்னால் பொய்யாகும். அந்த மலையில் ஒவ்வொரு இரவும் அந்த இருக்கையில் உட்காரும் கண் ஒன்றே ஒன்றுதான். அதை நினைக்காமல் இருப்பதற்காகத்தான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணிக்குச் சாரு கூண்டுக்கு வந்தாள். அன்று சீக்கிரம் எழுந்திருந்தாள். தலைகூடச் சீவவில்லை.

"குண்டுல வெயில் இருக்கா? ஒரு தடவ பாத்துக்கிறேன்," என்றாள்.

நான் நகர்ந்து இடம் கொடுத்தேன். அவள் கன்னத்தை வைத்தாள். குவியத்தை உள்ளே தள்ளினாள், வெளியே இழுத்தாள். மறுபடி உள்ளே. கீழே பள்ளத்தாக்கில் எங்கோ பஸ் ஹாரன் கேட்டு ஓய்ந்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

"கண்ணாடிய என்ன செஞ்சீங்க?"

"மறக்கடிச்சுட்டேன்."

"எப்ப?"

"காலையில."

"எதுக்குங்க?"

"வேற ஒருத்தர் கண்ணு பழகியிருந்துச்சு." வாக்கியம் வெளியே வந்தபோதே அதற்கு உயிரில்லை. "அப்படின்னு நெனச்சேன்."

அவள் கண்ணை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மேஜையிலிருந்த கட்டத்தாளை. "யாரு கண்ணுன்னு நெனச்சீங்க?"

நான் கட்டத்தாளை மடித்தேன்.

"ஜெரோம் சாரா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது. உண்மையான சிரிப்பு. பாதியில் நின்றது. "அது நாந்தாங்க."

இருக்கையிலிருந்து இறங்காமலே சொன்னாள். மார்ச்சில் ஒரு நாள் கூண்டை விட்டு வெளியே வந்து நிலாவைப் பார்த்தபோது அதற்கு இன்னொரு விளிம்பு இருந்ததாம். மதுரைக்குப் போய்க் காட்டியிருக்கிறாள். அக்கா வீட்டுக்குப் போவதாக என்னிடம் சொல்லிவிட்டுப் போன அந்த இரண்டு நாட்கள்.

"கருவிழி மெலிஞ்சு ஒரு பக்கமாச் சரியுதாம். நிறுத்தலாமாம், திருப்ப முடியாதாம். ஆனா கூண்டுக்குள்ள வந்து உக்காந்தா எல்லாம் புள்ளி புள்ளியாத் தெளிவா இருந்துச்சு. எனக்கே புரியல. அப்புறந்தான் தெரிஞ்சுது. என் கண்ணு சரியச் சரிய கண்ணாடியும் கூடவே வளைஞ்சு குடுத்துக்கிட்டே வந்திருக்கு. நாளைக்கு இத்தனூண்டு."

"ஜெரோமுக்குத் தெரியுமா?"

இத்தனைக்குப் பிறகும் என் வாயில் முதலில் வந்தது அதுதான்.

"தெரியும். ஏப்ரல்ல சொன்னேன்."

"எனக்கு?"

அவள் ரப்பர் வளையத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "உங்ககிட்ட சொன்னா மாசக் கடைசியில நீங்க என்ன செய்வீங்க? கண் மாறவில்லைன்னு எழுதணும். உங்களால பொய் எழுத முடியாது. எனக்காக எழுதிட்டீங்கன்னா அப்புறம் என்னைப் பாக்க முடியாது. தெரியாம இருந்தா நிம்மதியாக் கையெழுத்துப் போடுவீங்கன்னு பாத்தேன்."

"அவரு மட்டும்..."

"அவரு கையெழுத்துப் போட வேண்டியதில்ல. எழுதிக் கேக்கலாம். கண்ணு தனியாக் கெட்டாலும், கண்ணாடியும் கண்ணும் சேந்து பாக்குறது சரியா இருந்தா சாட்சி செல்லும்னு வாரியத்துக்கு நாலு தடவ எழுதியிருக்காரு. ஒவ்வொரு தடவையும் ராத்திரி பூரா உக்காந்து, நான் சொல்றதையும் மத்த நிலையத்துல சொல்றதையும் ஒப்பிட்டு எடுத்துட்டுப் போனாரு. பதினெட்டாம் தேதி நேர்ல வந்து பாக்குறோம்னு ஒத்துக்கிட்டாங்க. இந்தக் கண்ணாடியோட என்னைய உக்காத்தி வச்சுப் பாக்குறதா இருந்துச்சு."

பதினெட்டுக்கு ஒன்பது நாட்கள் இருந்தன. கண்ணாடி மறுபடி அவளோடு பழக நான்கைந்து மாதங்களாவது வேண்டும்.

"திருகுல ஏதாச்சும் இருக்கும்," என்றேன். "சூடு பண்ணுனதுல நகந்திருக்கும். நான் இன்னொரு தடவ பாக்குறேன். நீ இறங்கு."

"தனபால்," என்றாள். அவள் என் பெயரைச் சொல்லிக் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. "கோணல் உங்க கண்ணாடியிலயா, என் கண்ணுலயான்னு பாக்க ஒரு வழி இருக்குல்ல?"

இருந்தது. எந்தக் கருவியும் தேவைப்படாத சோதனை அது. பார்த்துக்கொண்டே தலையை ஒரு பக்கம் சாய்க்க வேண்டும். கோடு அசையாமல் நின்றால் பிழை தொலைநோக்கியில். தலையோடு சேர்ந்து கோடும் திரும்பினால் பிழை பார்ப்பவரிடம். அந்தச் சோதனைக்கு ஒரே சாட்சி பார்ப்பவர்தான். அவர் சொல்வதை நான் எழுத வேண்டும்.

அவள் மறுபடி கன்னத்தை வைத்தாள். தலையை மெல்ல இடப்பக்கம் சாய்த்தாள். பின்கழுத்தில் சீவாத முடி விழுந்தது. அசையவில்லை என்று சொல்லிவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். நான் கெடுத்த கண்ணாடி என்று எழுதுகிறேன். என் வேலை போகட்டும். வேறு கண்ணாடி வரவழைக்கலாம், மாதங்கள் கிடைக்கும். அவளுக்கும் அது தெரியும். ஒரு சொல் போதும்.

தலையை வலப்பக்கம் சாய்த்தாள். நிமிர்ந்தாள்.

"திரும்புது," என்றாள். "கூடவே திரும்புது. எழுதிக்கங்க."

"சாரு."

"எழுதுங்க. இதுவரைக்கும் பாத்ததத்தான் சொல்லியிருக்கேன்."

எழுதினேன். தேதி, மணி, கண்ணாடி நேராக உள்ளது. 'கண் மாறிவிட்டது' என்ற இரண்டாவது வாக்கியத்தை எழுத நேரமாயிற்று. அவள் இறங்கி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று, தாளை முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் படித்தாள். எப்போதிலிருந்து இவ்வளவு பக்கத்தில் வைத்துப் படிக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து போனாள். அன்றைக்கு அவள் இரவில் தூங்கினாள். அவள் பக்கத்தில் படுத்தபடி நான் விழித்திருந்தேன்.

பதினெட்டாம் தேதி வாரியத்தார் வந்தார்கள். அவர்களோடு ஒரு பெண்ணும் வந்தாள், புதிய சாட்சிக் கண். கூண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பெரிய கண்ணாடிக்கு முன் குனிந்தாள்.

"இதுக்கு முன்னாடி யாராவது இதுல பழகியிருக்காங்களா சார்? பழைய கண்ணு கொஞ்சம் மிச்சம் இருந்தாக்கூட எனக்கு ஒத்துக்காது."

"இல்லம்மா," என்றேன். "யாரும் இல்ல. சுத்தமா இருக்கு."

அவள் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, ரப்பர் வளையத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுக் கன்னத்தை வைத்தாள். குழாயின் அடியில் முதல் ஊசி நகரும் சத்தம் கேட்டது.